கிராஃபைட் வார்ப்பிரும்பு: உள்ளே பார்த்துவிட்டு மேலே பூசுவது எப்படி

கோயமுத்தூர்ப் பக்கம் இது அடிக்கடி நடக்கிற சண்டை. கணபதியிலோ அரசூரிலோ வார்த்த பம்ப் கேசிங் லேத்துக்குப் போய், அங்கிருந்து கோட்டிங் பட்டறைக்குப் போய், பளபளவென்று திரும்பி வரும். வெயிலில் சாய்த்துப் பார்த்தால் பெயின்ட் முழுக்கக் குண்டூசி முனை அளவில் ஓட்டைகள். கோட்டிங்காரர் "வார்ப்புல புளோ ஹோல்ங்க" என்பார், அதாவது வார்ப்புக்குள் வாயு அடைபட்ட குழி. பவுண்டரிக்காரர் "ஓவன் சூட்டைச் சரியா வைக்கலைங்க" என்பார். லேத்துக்காரர் தன் பெயர் வராத வரைக்கும் நல்லது என்று பேசாமல் இருப்பார். அந்த ஓட்டை இருக்கும் இடத்தைக் குறுக்கே அறுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தால் பல நேரம் ஓட்டையின் அடியில் ஒரு கிராஃபைட் தகடு வாய் திறந்து நிற்கும், அது குடித்து வைத்திருந்த கட்டிங் ஆயில்தான் ஓவன் சூட்டில் புகையாகி மேலே வந்திருக்கும்.

அதனால் வார்ப்பிரும்பில் எந்தப் பூச்சு பூசுவதாக இருந்தாலும், முதலில் அந்த இரும்பின் நுண்ணமைப்பைப் பாருங்கள், பூச்சை அதற்கு அப்புறம் முடிவு செய்யுங்கள். பெரும்பாலானவர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள்: வண்ண அட்டையில் நிறம் தேர்ந்தெடுத்துவிட்டு, உரிந்து வந்த பிறகு ஆய்வுக்கூடம் தேடுகிறார்கள். சின்ன பவுண்டரி நடத்துபவர்கள், ஜாப் ஒர்க் செய்பவர்கள், தர சோதனையில் இருப்பவர்கள், பாலிடெக்னிக் முடித்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்த பிள்ளைகள், இவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

கிராஃபைட் எப்படி உட்கார்ந்திருக்கிறது

வார்ப்பிரும்பில் கார்பன் சுமார் 2.5 முதல் 4 சதவீதம், சிலிக்கான் 1 முதல் 3 சதவீதம். இந்தச் சிலிக்கானின் தயவால், உருகிய இரும்பு உறையும்போது கார்பனின் பெரும்பகுதி தனியாகப் பிரிந்து கிராஃபைட்டாக நிற்கிறது. எடையில் 3.5 சதவீதம் என்றால் கொஞ்சம்தானே என்று தோன்றும். கிராஃபைட்டின் அடர்த்தி இரும்பின் அடர்த்தியில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே, அதனால் கன அளவில் பார்த்தால் சுமார் பத்தில் ஒரு பங்கு கிராஃபைட். நீங்கள் பெயின்ட் அடிக்கப் போகும் பரப்பிலும் பத்தில் ஒரு பங்கு இரும்பே இல்லை, இதை மறந்துவிடாதீர்கள்.

சாதாரண வார்ப்பிரும்பான கிரே அயர்னில் கிராஃபைட் தகடுகளாக இருக்கும். படத்தில் தனித்தனிக் கோடுகளாகத் தெரிவதால் அவை தனித்தனித் துண்டுகள் என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. மேட்டுப்பாளையம் மண்டியில் வாங்கிய முட்டைக்கோஸைக் குறுக்கே வெட்டினால் வெட்டுமுகத்தில் வளைந்த கோடுகள் தனித்தனியாகத் தெரியும், ஆனால் எல்லா இலையும் உள்ளே ஒரே தண்டில்தான் சேர்கிறது. ஒரு யூடெக்டிக் செல்லுக்குள், அதாவது உறையும்போது ஒரே புள்ளியில் இருந்து வளர்ந்த கொத்துக்குள், கிராஃபைட் தகடுகளும் அப்படித்தான் ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றன. பரப்பில் வாய் திறந்த ஒரு தகடு உள்ளே நல்ல ஆழம் வரை போகும் வழி. எண்ணெய், தண்ணீர், அமிலம் என்று எது பட்டாலும் அந்த வழியில் இறங்கும்.

உருண்டை கிராஃபைட் உள்ள எஸ்ஜி அயர்னில் கதை வேறு. 1940களின் கடைசியில் மெக்னீசியமும் சீரியமும் சேர்த்து உருண்டை கிராஃபைட் வரவழைக்கும் முறைகள் வெளியே தெரிய வந்தன, இன்று பவுண்டரிகளில் மெக்னீசியம்தான். எஞ்சிய மெக்னீசியம் 0.03 முதல் 0.05 சதவீதம் வரை நின்றால் கிராஃபைட் உருண்டையாக வரும், ஒவ்வொரு உருண்டையும் தனித்தனி. பரப்பில் ஒரு உருண்டை பாதி அறுபட்டிருந்தாலும் அது மூடிய குழி, உள்ளே வழி கிடையாது. பூச்சு பூசுபவருக்கு இந்த ஒரு வேறுபாடு பாதி வேலையைக் குறைத்துவிடும். இரண்டுக்கும் நடுவில் புழு வடிவ கிராஃபைட் உள்ள சிஜிஐ எனும் இரும்பு. அதுவும் செல்லுக்குள் இணைந்துதான் இருக்கும், அதனால் பூச்சு விஷயத்தில் கிரே அயர்ன் பக்கம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, மின்வேதியில் கிராஃபைட் இரும்பைவிட மேலான பொருள். ஈரம் பட்டால் கிராஃபைட் கேத்தோடு, இரும்பு ஆனோடு. இரும்பு கரையும், கிராஃபைட் நிற்கும். திருப்பூர், பல்லடம் பக்கத்து உப்புத் தண்ணி போர்வெல்லில் பல வருடம் கிடந்த கிரே அயர்ன் பாகத்தை வெளியே எடுத்துப் பாருங்கள். வடிவம் அப்படியே இருக்கும், வெளியளவு கூட மாறியிருக்காது, ஆனால் பேனாக்கத்தியால் சுரண்டினால் கறுப்பாக மாவு மாதிரி வரும். இரும்பு போய் கிராஃபைட்டும் துருவும் மட்டும் மிச்சம். இதை கிராஃபிடிக் அரிப்பு என்பார்கள். பூச்சில் ஒரு ஓட்டை இருந்தாலும் அதன் அடியில் இதுதான் தொடங்கும்.

முதல் படி: மாதிரி எங்கிருந்து எடுப்பது

சோதனைக்கென்று தனியாக வார்க்கும் டெஸ்ட் பாரில் இருந்து எடுக்காதீர்கள். டெஸ்ட் பார் கிரேடு சொல்வதற்கு. கிரே அயர்னுக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 210 படி எஃப்ஜி 200 ஆ, எஃப்ஜி 260 ஆ என்று வாடிக்கையாளருக்குக் காட்ட அது போதும். பூச்சு உட்காரப் போவது வார்ப்பின் தோலில் அல்லது கடைந்த பரப்பில், அதனால் அந்தப் பரப்பு ஒரு விளிம்பாக வரும்படி வார்ப்பிலிருந்தே வெட்டி எடுக்க வேண்டும். குறைந்தது இரண்டு இடம்: மெல்லிய சுவர் ஒன்று, கனமான பகுதி ஒன்று. ஒரே லேடில், ஒரே மோல்டு, ஆனாலும் 5 மில்லிமீட்டர் துடுப்பில் இருக்கும் அமைப்பு 40 மில்லிமீட்டர் ஃபிளான்ஜில் இருக்காது, ஏனென்றால் ஆறும் வேகம் வேறு.

வெட்டும்போது கூலன்ட் தாராளமாக ஓடட்டும். ஆங்கிள் கிரைண்டரில் நீலம் பாய அறுத்துவிட்டு அதை லேபுக்கு அனுப்பினால், சூட்டில் மாறிய அமைப்பைத்தான் பார்ப்பீர்கள். வேறு வழி இல்லையென்றால் கிரைண்டரில் பெரிதாக அறுத்து, கருகிய பகுதியை ஹாக்ஸாவால் நன்றாகத் தள்ளி வெட்டி எறியுங்கள். அப்புறம் பேக்கலைட்டில் மவுன்ட் செய்யுங்கள். விளிம்பு உருண்டு போகக் கூடாது, நமக்கு வேண்டியதே அந்த விளிம்புதான்; விளிம்பைக் காக்கும் கடினமான மவுன்டிங் பொடி கிடைத்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

இரண்டாம் படி: தேய்ப்பதும் பாலிஷும்

180ல் தொடங்கி 320, 400, 600, 1000 என்று எமரி பேப்பர். ஒவ்வொரு தாளுக்கும் மாதிரியை 90 டிகிரி திருப்பி, முந்தைய கோடு முழுசாக மறையும் வரை தேய்த்து, கழுவிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். பிறகு துணியில் 6 மைக்ரான், 3 மைக்ரான், 1 மைக்ரான் டயமண்ட் பேஸ்ட். தாள் தேய்ந்து போனால் தூக்கிப் போடுங்கள், அதில் கஞ்சத்தனம் காட்டினால் கிராஃபைட் தப்பாகத் தெரியும்.

இங்கே இரண்டு ஏமாற்று வேலை நடக்கும். ஒன்று, கிராஃபைட் பிடுங்கிக்கொண்டு வந்து வெறும் குழி மட்டும் நிற்பது. கிராஃபைட் இருந்தால் மங்கலான சாம்பல் நிறம், உற்றுப் பார்த்தால் லேசான மினுக்கம். குழியாக இருந்தால் அடர் கறுப்பு, விளிம்பு மழுங்கியிருக்கும், பாலிஷ் திசையில் ஒரு வால் நீளும். போலரைஸ்டு வெளிச்சம் உள்ள மைக்ராஸ்கோப்பாக இருந்தால் மேடையைத் திருப்புங்கள், கிராஃபைட் வெளுத்தும் கறுத்தும் மாறும், குழி மாறாது.

இன்னொன்று இழுவல். தேய்க்கும் அழுத்தத்தில் பக்கத்து இரும்பு மென்மையாக வழிந்து கிராஃபைட்டின் வாயை மூடிவிடும், தகடு உண்மையில் இருப்பதைவிட மெல்லியதாகத் தெரியும். இலேசாக நைட்டால் (நைட்ரிக் அமிலமும் ஆல்கஹாலும் கலந்தது) போட்டு, திரும்ப 1 மைக்ரானில் பாலிஷ் செய்து, இதையே இரண்டு மூன்று சுற்று செய்தால் அந்த மூடி கரைந்து உண்மையான வாய் திறக்கும். இந்த இழுவலைக் கொஞ்சம் நன்றாகக் கவனித்து வையுங்கள், ஏனென்றால் இதே விஷயம் உங்கள் லேத்திலும் நடக்கிறது. முனை மழுங்கிய இன்சர்ட்டில் கடைந்தால் கிராஃபைட் வாயின் மேல் இரும்பு மெல்லிய மடலாக வழிந்து படுத்துக்கொள்ளும். கண்ணுக்கு அருமையான ஃபினிஷ். அதன் மேல் பெயின்ட் அடிக்கிறோம், பெயின்ட் மடலைப் பிடிக்கிறது, மடல் எதையும் பிடிக்கவில்லை. பெயின்ட் உரிந்து வந்த துண்டின் அடிப்பக்கத்தில் மெல்லிய உலோகத் துகள் ஒட்டிக்கொண்டிருந்தால் இதுதான் காரணமாக இருக்கும், பெயின்ட் கம்பெனியோடு சண்டை போட்டுப் பயனில்லை.

மூன்றாம் படி: நைட்டால் போடாமல் பார்ப்பது

பாலிஷ் முடிந்ததும் நைட்டாலுக்கு அவசரப்படாதீர்கள். 100 மடங்கில், எட்ச் செய்யாத, அதாவது அமிலத்தால் அரிக்காத, நிலையில்தான் கிராஃபைட்டைப் படிக்க வேண்டும். ஐஎஸ்ஓ 945 என்ற தரநிலை கிராஃபைட் வடிவத்தை ஆறாகப் பிரிக்கிறது: 1 தகடு, 3 புழு, 6 நல்ல உருண்டை, 5 கொஞ்சம் கோணலான உருண்டை, 2ம் 4ம் வேலையில் அவ்வளவாக வராது, வந்தால் கவலைப்பட வேண்டிய வடிவங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள் (4 மேலியபிள் இரும்பில் மட்டும் சரியானது). எஸ்ஜி என்றால் உருண்டை எத்தனை சதவீதம் என்று பாருங்கள், வழக்கமாக 80, 85க்குக் கீழே வந்தால் வாடிக்கையாளர் ஏற்கமாட்டார்.

தகடு கிராஃபைட்டுக்கு ஏ முதல் ஈ வரை ஐந்து பரவல் வகை. பூச்சின் கண்ணில் இவற்றைப் பார்த்தால்:

ஏ வகை, சீராக, திசையில்லாமல் பரவியது. எல்லாரும் கேட்பது இதுதான், பூச்சுக்கும் பிரச்சினை குறைவு. பி வகை ரோஜாப்பூ மாதிரி கொத்துக் கொத்தாக இருக்கும், இனாகுலேஷன் (கிராஃபைட் பிறக்க உருகிய இரும்பில் சேர்க்கும் மருந்து) கொஞ்சம் போதவில்லை என்று அர்த்தம், பூச்சைப் பொறுத்தவரை பெரிய தொல்லை இல்லை.

சி வகைதான் ஆபத்து. கார்பன் ஈக்வலன்ட், அதாவது கார்பனோடு சிலிக்கான் பாஸ்பரஸ் கூட்டுத்தொகையில் மூன்றில் ஒரு பங்கைச் சேர்த்தது, 4.3ஐத் தாண்டினால் உருகிய நிலையிலேயே பெரிய பெரிய தகடுகள் பிறந்துவிடும். கனமான பகுதியில் இது அதிகம். கடையும்போது இந்தத் தகடுகள் அப்படியே பெயர்ந்து வரும், பரப்பு கண்ணுக்கே தெரியும் அளவுக்குப் பள்ளம் பள்ளமாக நிற்கும். அதன் மேல் 60 மைக்ரான் பவுடர் போட்டால் பள்ளத்தை மூடாது. நிக்கல் பூச்சு கொஞ்சமும் ஆகாது. இந்த லாட்டை வெளித் தோற்றம் முக்கியமில்லாத வேலைக்குத் திருப்பி விடுங்கள், அல்லது புட்டி போட்டு நிரப்பும் மெஷின் பாடிக்குக் கொடுங்கள்.

டி, ஈ இரண்டும் டென்ட்ரைட்டுகளுக்கு (மரக்கிளை மாதிரி வளரும் இரும்புப் படிகங்கள்) நடுவில் சிக்கிய மிக நுண்ணிய தகடுகள், வேகமாக ஆறிய மெல்லிய சுவரிலும் தோலுக்குப் பக்கத்திலும் வரும். உறுதி பார்ப்பவர்கள் இதைத் திட்டுவார்கள். ஆனால் பூச்சுக்காரருக்கு நுண்ணிய கிராஃபைட் என்றால் வாய் சின்னது, பரப்பு மழமழப்பாக வரும். எல்லாக் கெட்ட பெயரும் எல்லா வேலைக்கும் பொருந்தாது என்பதற்காகச் சொல்கிறேன்.

அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். 1 முதல் 8 வரை எண், எண் கூடக்கூட தகடு சின்னது. 1 என்றால் ஒரு மில்லிமீட்டரும் அதற்கு மேலும், 8 என்றால் 0.015 மில்லிமீட்டருக்குக் கீழ். 3க்குக் கீழே எண் வந்தால் பவுடர் கோட்டிங்குக்கு அனுப்பும் முன் கொஞ்சம் யோசிப்பேன்.

நான்காம் படி: நைட்டால் போட்டபின்

98 மில்லி ஆல்கஹாலில் 2 மில்லி அடர் நைட்ரிக் அமிலம். அமிலத்தைத்தான் ஆல்கஹாலில் ஊற்ற வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக, கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு. கலந்ததை இறுக மூடிய பாட்டிலில் வைத்து மறந்துவிடாதீர்கள், வாயு சேர்ந்து வெடிக்கக்கூடும். அன்றைக்கு வேண்டியதை மட்டும் கலந்தால் போதும். மாதிரியை சில விநாடி முக்கி, பளபளப்பு மங்கியதும் எடுத்துக் கழுவி உலர்த்துங்கள்.

வெள்ளையாகத் தெரிவது பெரைட் (கார்பன் ஏறக்குறைய இல்லாத மென்மையான இரும்பு), கறுத்து, கூடிய உருப்பெருக்கத்தில் கோடுகோடாகத் தெரிவது பெர்லைட் (பெரைட்டும் சிமென்டைட்டும் அடுக்கடுக்காக). வெள்ளையாக, ஆனால் கூர்மையான விளிம்போடு, எட்ச் படாமல் பளிச்சென்று நிற்பது சிமென்டைட் (கடினமான இரும்புக் கார்பைடு). பாஸ்பரஸ் கூடுதலாக இருந்தால் செல் எல்லைகளில் புள்ளி விழுந்த வெள்ளைத் திட்டுகளாக ஸ்டெடைட் தெரியும்.

இதில் பூச்சுக்கு என்ன வேலை என்றால்: மூலையில் சில் விழுந்து (வேகமாக ஆறி இறுகி) சிமென்டைட் இருந்தால் ஷாட் பிளாஸ்டிங்கில் அந்த இடம் மட்டும் சொரசொரப்பாகாமல் வழுக்கையாக நிற்கும், பாஸ்பேட்டும் அங்கே சீராகப் பிடிக்காது. கண்ணாடிப் பூச்சான எனாமல் சுடுவதாக இருந்தால் இன்னும் மோசம், சிமென்டைட் சூட்டில் சிதைந்து வாயு வந்து எனாமல் கொப்பளிக்கும். பூச்சுக்குப் பதிலாகப் பரப்பையே இண்டக்ஷனில் கடினமாக்கப் போகிறீர்கள் என்றால் பெர்லைட் நிறைய வேண்டும், வெறும் பெரைட்டில் அந்தக் கொஞ்ச நேரச் சூட்டில் கார்பன் கரைந்து வராது.

ஐந்தாம் படி: தோலைப் படிப்பது

லேப் ரிப்போர்ட்டில் பெரும்பாலும் எழுதாமல் விடும் பகுதி இதுதான், நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். மாதிரியின் நடுவில் 90 சதவீதம் உருண்டை என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். விளிம்புக்கு மேடையை நகர்த்துங்கள். ஃபியூரான் பிசின் கலந்த மணலில் வார்த்த எஸ்ஜி என்றால், கடினமாக்கியாகப் பயன்படும் சல்போனிக் அமிலத்தில் இருந்து வரும் கந்தகம் பரப்புக்குப் பக்கத்து மெக்னீசியத்தைத் தின்றுவிடும். உள்ளே உருண்டை, வெளியே ஒரு மெல்லிய வரிசை தகடு. பழைய மணலைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் இடத்தில் இந்த வரிசை தடித்துக்கொண்டே போகும். பேரில் எஸ்ஜி, பூச்சுக்கு மட்டும் அது கிரே அயர்ன். களைப்பு உறுதியும் (திரும்பத் திரும்ப வரும் சுமையைத் தாங்குவது) குறையும் என்பது தனிக் கதை. மோல்டுக்குப் பூசும் வாஷை நன்றாகத் தடுக்கும்படி பூசுவதும், மணலில் கந்தகத்தை அளந்து வைப்பதும் இதற்கு மருந்து.

விளிம்பில் மணல் உருகி ஒட்டியிருக்கிறதா, ஆக்சைடு அடுக்கு எவ்வளவு தடிமன், கார்பன் குறைந்து வெறும் பெரைட் வரிசை இருக்கிறதா என்பதையும் பார்த்து எழுதுங்கள். ஒட்டிய மணலை ஷாட் பிளாஸ்ட் எடுத்துவிடும் என்று நம்ப வேண்டாம். உருகி ஒட்டியது கண்ணாடி போல நிற்கும், அதன் மேல் பெயின்ட் அருமையாகப் பிடித்து, மணலோடு சேர்ந்து விழும்.

ஆறாம் படி: பரப்பைத் தயார் செய்வது

கடைந்த கிரே அயர்ன் என்றால் வரிசை முக்கியம். முதலில் எண்ணெய் எடுப்பது, அப்புறம்தான் ஷாட் பிளாஸ்ட். மாற்றிச் செய்தால் குண்டுகள் எண்ணெயைப் பரப்புக்குள் அடித்து இறக்கும், மெஷினில் இருக்கும் மொத்தக் குண்டும் எண்ணெயாகி அடுத்த ஜாப்பையும் கெடுக்கும். சூடான கார டிகிரீசரில், 60 முதல் 80 டிகிரி, நன்றாக ஊறவிட்டு, சுடுநீரில் அலசி உடனே உலர்த்துங்கள். ஆனால் தகட்டு வழியில் இறங்கிய எண்ணெயைக் காரம் முழுசாக எடுக்காது. வார்ப்பை 200 முதல் 250 டிகிரியில் அரை மணி, ஒரு மணி வைத்தால் உள்ளிருப்பது வியர்த்து மேலே வரும், சில இடங்களில் பழுப்பு வட்டமாகக் காய்ந்து நிற்பதைக் கண்ணால் பார்க்கலாம். அதன் பிறகு பிளாஸ்ட்.

அமிலத்தில் ஊறவைத்துத் துரு எடுக்கும் பழக்கத்தை வார்ப்பிரும்பில் விட்டுவிடுங்கள். அமிலம் இரும்பைக் கரைக்கும், கிராஃபைட்டைத் தொடாது. வெளியே எடுத்தால் பரப்பு முழுக்கக் கறுப்பு மசி, விரலால் தடவினால் ஒட்டும். அதோடு தகட்டு வழியில் இறங்கிய அமிலம் அங்கேயே தங்கி, பூச்சு போட்டுக் கொஞ்ச நாள் கழித்துத் துருப் புள்ளியாக வெளியே வரும்.

பிளாஸ்டுக்கு உருண்டை ஷாட்டைவிட முனையுள்ள கிரிட் நல்லது. ஷாட் சுத்தியல் மாதிரி அடித்து இரும்பை வழியவிடும், கிரிட் வெட்டும். எஸ்ஏ 2½ சுத்தம் (ஏறக்குறைய வெள்ளை உலோகம் தெரியும் அளவு), 50 முதல் 75 மைக்ரான் சொரசொரப்பு இருந்தால் பெரும்பாலான பெயின்டுக்குப் போதும். ஷாட்தான் இருக்கிறது என்றால் கடைசிக் கொஞ்ச நேரமாவது கிரிட் கலந்து ஓட்டுங்கள். பிளாஸ்ட் முடிந்ததும் சுத்தமான வெள்ளைத் துணியால் ஒரு இடத்தை அழுத்தித் துடைத்துப் பாருங்கள். சாம்பல் தூசு வந்தால் காற்றடித்துச் சுத்தம் செய்யலாம், வழவழப்பான கறுப்பு வந்தால் எண்ணெய் இன்னும் இருக்கிறது, திரும்ப ஓவனுக்கு.

நான்கு மணி நேரத்துக்குள் முதல் கோட் விழுந்துவிட வேண்டும். நம் ஊரில் மார்ச், ஏப்ரலில் ஆறு மணி நேரம் ஆனாலும் ஒன்றும் ஆகாத மாதிரி இருக்கும், அதை நம்பி ஆடி மாதமும் அப்படியே செய்வார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று அடிக்கும் மாதங்களில் பிளாஸ்ட் செய்த வார்ப்பு மதியத்துக்குள் மஞ்சள் தட்டிவிடும். ராத்திரி முழுக்க வெளியே கிடந்து குளிர்ந்த கனமான வார்ப்பைக் காலையில் முதல் வேலையாக உள்ளே கொண்டுவந்து பெயின்ட் அடிக்காதீர்கள்: காற்று சூடாகியிருக்கும், இரும்பு இன்னும் குளிர்ந்தே இருக்கும், கண்ணுக்குத் தெரியாத பனி அதன் மேல் படர்ந்திருக்கும். காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழே, இரும்பின் வெப்பம் பனிநிலையைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியும் வெப்பநிலை) 3 டிகிரியாவது மேலே, இந்த இரண்டும் இருந்தால் மட்டும் பெயின்ட் துப்பாக்கியை எடுங்கள்.

ஏழாம் படி: எந்த இரும்புக்கு எந்தப் பூச்சு

வெளியில் நிற்கும் மோட்டார் பாடி, எண்ட் கவர் மாதிரியானவற்றுக்கு எபாக்ஸி பிரைமரும் மேலே பியூ (பாலியூரித்தேன்) பெயின்டும் போதும். கிரே அயர்ன் என்றால் முதல் கோட்டைக் கொஞ்சம் தின்னர் கூட்டி, மெல்லிய தூவலாக அடித்து, கிராஃபைட் வாய்களுக்குள் இறங்கவிட்டு, அப்புறம் முழுக் கோட் அடியுங்கள். ஒரேயடியாகத் தடிமனாக அடித்தால் வாயின் மேல் பாலம் கட்டி அடியில் காற்று நிற்கும். வீட்டில் தோசைக்கல் பழக்கும் அம்மாக்களுக்கு இது தெரிந்ததுதான், எண்ணெயைத் துடைத்துவிட்ட மாதிரி மெல்லிசாகத் தடவிச் சூடேற்றினால் அது இறுகிக் கறுத்துப் படலமாகும், நிறைய ஊற்றினால் பிசுபிசுவென்று நிற்கும். அதுவும் வார்ப்பிரும்புப் பூச்சுதான், எண்ணெய் பாலிமராவதுதான்.

பவுடர் கோட்டிங்: வார்ப்பை முதலில் வெறுமனே ஓவனில் ஏற்றி, சுடும் வெப்பத்தைவிட 20, 30 டிகிரி அதிகமாக, உள்ளிருக்கும் வாயு போகும் வரை வைத்து, அப்புறம் இறக்கிப் பவுடர் போடுங்கள். சாதாரணமாக 180 முதல் 200 டிகிரியில் பத்து நிமிடம் என்று பவுடர் பையில் போட்டிருக்கும், அது இரும்பின் வெப்பம், ஓவன் காற்றின் வெப்பம் இல்லை. தகட்டுப் பெட்டிக்கு வைக்கும் அதே நேரத்தை 25 கிலோ கேசிங்குக்கும் வைத்தால் மேலே பளபளப்பு, அடியில் வேகாத பவுடர். வார்ப்பில் ஒரு சென்சார் கட்டிப் பாருங்கள். வாயு வெளியேற விடும் தனி வகைப் பவுடரும் கிடைக்கிறது, கிரே அயர்னுக்கு அதையே கேளுங்கள்.

பம்ப் பாகங்களுக்கு சிஇடி எனப்படும் மின்படிவு எபாக்ஸி இப்போது பரவலாக வந்துவிட்டது. 15 முதல் 25 மைக்ரான்தான், ஆனால் மூலை முடுக்கு, கேசிங்கின் உள்வழி எல்லாம் சீராகப் படியும், துப்பாக்கியால் அது முடியாது. அதற்கு முன்னால் துத்தநாக பாஸ்பேட் சீராக விழ வேண்டும், அது விழ மேற்சொன்ன சுத்தம் வேண்டும். உப்புத் தண்ணிக்கு இந்தத் தடிமன் மட்டும் போதாது என்பது என் கருத்து. தண்ணீர் படும் பக்கத்துக்கு 250 மைக்ரானுக்குக் குறையாமல் எபாக்ஸி, வால்வுகளுக்குச் செய்வது போலச் சூடான வார்ப்பில் உருகிப் பிடிக்கும் எபாக்ஸி பவுடராக இருந்தால் இன்னும் நல்லது. குடிநீர் என்றால் அதற்கு அனுமதி பெற்ற எபாக்ஸியாகக் கேட்டு வாங்குங்கள்.

துத்தநாக முலாம்: காரக் குளியலில் வார்ப்பிரும்பின் மேல் துத்தநாகம் பிடிக்கவே சிரமப்படும், கிராஃபைட்டின் மேல் ஹைட்ரஜன்தான் முதலில் கிளம்பும். அமில குளோரைடு குளியல் உள்ள பட்டறையாகப் பாருங்கள். உருகிய துத்தநாகத்தில் முக்கும் ஹாட் டிப் என்றால் சிலிக்கான் அதிகம் என்பதால் பூச்சு தடித்து, மங்கிய சாம்பலாக வரும், அதைக் குறை என்று திருப்பி அனுப்ப வேண்டாம்.

மின்சாரமில்லா நிக்கல் அழகாக இருக்கும், சீராகப் படியும், கடினமும் கூட. ஆனால் நிக்கல் இரும்பைவிட மேலானது; ஒரு கிராஃபைட் வாய் மூடாமல் நின்றால் அந்த ஓட்டையில் மட்டும் இரும்பு விரைவாகத் தின்னப்படும். எஸ்ஜியில், உருண்டை நுண்ணியதாக, தோலில் தகடு இல்லாமல் இருந்தால் தாராளமாகப் போடுங்கள். பெரிய தகடு உள்ள கிரே அயர்னில் போடச் சொல்லி வாடிக்கையாளர் கேட்டால், மைக்ரோ படத்தை அவர் கையில் கொடுத்து இரும்பை மாற்றச் சொல்லுங்கள்.

உராயும் பாகத்துக்கு, கேம், பிஸ்டன் ரிங் மாதிரி, மாங்கனீஸ் பாஸ்பேட். 90 டிகிரிக்கு மேல் உள்ள குளியலில் போட்டு எண்ணெயில் முக்கி எடுப்பது. இங்கே கிராஃபைட் உங்கள் கட்சி, எண்ணெயைப் பிடித்து வைக்கும்.

கடைசியாகச் சோதனை

தடிமன் அளக்கும் கேஜை அது கூட வந்த ஸ்டீல் பிளேட்டில் சரிபார்த்துவிட்டு வார்ப்பிரும்பில் வைக்காதீர்கள், கிராஃபைட்டும் சொரசொரப்பும் அளவை மாற்றும். பூச்சு போடாத உங்கள் சொந்த வார்ப்புத் துண்டு ஒன்றை பிளாஸ்ட் செய்து வைத்துக்கொண்டு அதில் பூஜ்ஜியம் பிடியுங்கள். ஒட்டுதலுக்குக் கட்டம் கீறி டேப் ஒட்டி இழுப்பது 250 மைக்ரான் வரை சரி, அதற்கு மேல் என்றால் டாலி எனும் சின்ன உலோகக் குமிழை ஒட்டி இழுக்கும் முறை. இழுத்தபின் எண்ணை மட்டும் எழுதாமல், எந்த இடத்தில் பிரிந்தது என்று பாருங்கள்: டாலியில் கறுப்பு ஒட்டியிருந்தால் பிரிந்தது கிராஃபைட், பெயின்ட் இல்லை.

நிக்கலில் ஓட்டை பார்க்க ஃபெராக்சில் கரைசலில் நனைத்த தாள் வைத்தால் இரும்பு திறந்திருக்கும் இடமெல்லாம் நீலப் புள்ளி விழும். தண்ணீர் பக்க எபாக்ஸிக்கு ஈரப் பஞ்சு வைத்த ஹாலிடே டிடெக்டர் (பூச்சின் ஓட்டையை மின்சாரத்தால் கண்டுபிடிக்கும் கருவி), அது கத்தும் இடத்தைச் சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டுத் திருத்துங்கள். உப்புத் தூவல் அறையில் 5 சதவீத உப்பு, 35 டிகிரி, எத்தனை மணி நேரம் என்பது வாடிக்கையாளர் ஒப்பந்தம். அந்த மணி நேரத்தைப் போர்வெல் வருடங்களாக யாராவது மாற்றிச் சொன்னால் நம்பாதீர்கள்.

இரண்டு பாகம் கலந்த எபாக்ஸி தொட்டால் காய்ந்த மாதிரி ஒரே நாளில் இருக்கும், முழுசாக இறுக சாதாரணமாக ஏழு நாள் ஆகும். பம்பை அவசரமாகக் கேட்கும் விவசாயியிடம் இதைச் சொல்வது கஷ்டம்தான், இருந்தாலும் அந்த ஏழு நாள் முடியாமல் தண்ணீரில் இறக்க வேண்டாம்.